தேவதாரு ‘ஒருவகை மரம்’ அன்று

பாட்டில் அறியாத பறவை வந்தால் ‘ஒருவகைப் பறவை’, அறியாத பூ வந்தால் ‘ஒருவகைப் பூ’ என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது நம் உரைநூல்களிலும் மாணவர் கையேடுகளிலும் ஊறிப்போன வழக்கம். அவ்வழக்கத்தால் உருவிழந்த பெயர்களுள் தேவதாருவும் ஒன்று. ‘தெய்வத்தன்மை உடைய ஒருவகை மரம்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மரம் கண்ணுக்குத் தெரியாது.

தேவதாரு இமயத்தின் மேற்குச் சரிவுகளுக்கு உரியது. ஆப்கானிஸ்தான் தொடங்கிக் காஷ்மீர், இமாசலம், உத்தராகண்ட் வரை, ஏறத்தாழ 1500 முதல் 3000 மீட்டர் உயரமுள்ள மலைப்பகுதிகளில் வளர்வது. பசுமை மாறாத ஊசியிலை மரம். நன்கு முதிர்ந்தால் 50 மீட்டர் வரை ஓங்கும். அதன் வயிரத்தில் ஊறியிருக்கும் மணமிக்க எண்ணெயே அதற்குக் காவல். கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டா. சீநகரின் ஜாமியா மசூதியைத் தாங்கி நிற்பவை 300க்கும் மேற்பட்ட தேவதாருத் தூண்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இருப்புப்பாதை அமைத்தபோது இக்காடுகளை வெட்டி, இமய ஆறுகளில் மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொணர்ந்து தண்டவாளக் கட்டைகளாக அறுத்தனர். வலிமையே அம்மரத்திற்கு வினையாயிற்று.

காளிதாசன் இம்மரத்தை அறிந்தவன். இரகுவம்சத்தின் இரண்டாம் சருக்கத்தில், உமை நீர்வார்த்து மகனைப்போல் வளர்த்த தேவதாரு ஒன்று வருகிறது. காட்டானை ஒன்று தன் கன்னத்தைத் தேய்த்து அதன் பட்டையை உரித்துவிட, போரில் புண்பட்ட முருகனைக் கண்டாற்போல் உமை வருந்துகிறாள். அன்றுமுதல் மரத்திற்குக் காவலாகச் சிங்கம் ஒன்று வைக்கப்படுகிறது. இதனை ‘ஒருவகை மரம்’ என்று கொண்டு படிப்பவனுக்கு இது வெறும் கற்பனை. மணம் கமழும் பட்டையையும், யானை உராயத்தக்க பருத்த அடியையும் அறிந்தவனுக்கோ அங்கே ஒரு தாயின் பதைப்பு தெரியும். குன்றக்குடி முருகனுக்கு அயலில் வாழும் நமக்கு அது சற்று மிகுதியாகவே தெரிய வேண்டும்!

தமிழகத்திற்கு வந்த தேவதாரு பெயராக மட்டுமே வந்தது. பிட்சாடனர் சென்ற தாருகாவனத்தைத் தேவதாருக் காடு என்றே வடநூல்கள் பலவும் கூறும். நம்மவர் அவ்வனத்தைக் காவிரிக்கரைக்கே கொண்டுவந்துவிட்டனர். திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறையில் இறைவன் பெயர் தாருகாவனேசுவரர், தலமரமோ பராய். இதனைப் பிழை என்று நாம் கருதவில்லை. வாராத மரத்திற்கு ஈடாகத் தன் மண்ணின் மரத்தை நிறுத்திக்கொண்ட துணிவு அது.

விவிலிய மொழிபெயர்ப்பின் கதை வேறு. சாலொமோன் கட்டிய ஆலயத்திற்கு லீபனோன் மலையிலிருந்து சென்ற மரங்களைப் பழைய தமிழ் விவிலியம் கேதுரு என்றும் தேவதாரு (தேவதாரி என்றும் வரும்) என்றும் இரண்டாகப் பிரித்துக் கூறும். கேதுரு கிரேக்க வழிச் சொல், தேவதாரு வடசொல். தாவரவியலாரோ இமயத்துத் தேவதாருவைக் கேதுருவின் உடன்பிறப்பாகவே வகைப்படுத்தி, ‘சீட்ரஸ் டியோடரா’ என்று இரு சொல்லையும் ஒரே பெயரில் கோத்துவிட்டனர். மொழிபெயர்ப்பில் பிரிந்த உறவு அறிவியலில் கூடிற்று.

நிற்க. இது புலவர் பூசல் மட்டுமே எனில் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தென்னாட்டு வறண்ட காடுகளில் செம்புளிச்சான் என்றொரு சிறுமரம் உண்டு. ஊசியிலை வகையே அன்று. கட்டை மணக்கும் என்ற ஒன்றே ஒப்புமை. அதற்கும் தேவதாரம் என்று பெயர். ஆகவே மருந்துச் சரக்கில் இமயத்துத் தேவதாருவுக்கு மாற்றாக அதுவும் புழங்குகிறது. வைத்தியர் ஒன்றை எண்ணி எழுத, நோயாளியின் கசாயத்தில் மற்றொன்று கொதிக்கக்கூடும். அங்கே ‘ஒருவகை மரம்’ என்ற குறிப்பு என்ன பயன் தரும்?

கண்டரமாணிக்கத்தில் இருந்துகொண்டு இமயத்து மரத்திற்கு வாதாடுவானேன் என்று கேட்கலாம். செட்டிநாடு மரம் அறிந்த நாடு. இங்குள்ள பெருவீடுகளின் தூண்களுக்கும் நிலைகளுக்கும் ஐராவதி வழியே கடலுக்கு வந்து கப்பலேறிய பர்மாத் தேக்கு கிடைத்தது. தேவதாரு மிதந்த ஆறுகள் பஞ்சாபை நோக்கி ஓடியவை. ஆதலால் அது இங்கு வரவில்லை. ஆயினும் கட்டையைத் தட்டி ஓசை கேட்டு, சீவி மணம் பார்த்து, இன்ன மரம் என்று சொல்லும் ஆசாரிகள் இங்கு இருந்தனர். இன்று வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. மரத்திற்கு விலை உண்டு. மரம் அறிந்த கைக்கு இல்லை.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அன்றே மரஞ்செடிகளுக்குத் தாவரவியல் பெயரையும் சேர்த்து அச்சிட்டது. அதனைப் பார்த்து எழுதும் உழைப்பைக்கூடப் பின்வந்த கையேடுகள் பல மேற்கொள்ளவில்லை. இனி வரும் பாடநூல்களிலாவது மரத்தின் பெயருக்கு எதிரே அது வளரும் நிலமும், இலையும், மணமும், தாவரவியல் பெயரும் இருத்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் தாவரவியல் துறையின் கதவைத் தட்டுவதில் இழுக்கொன்றும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகளில் அது அடுத்த கட்டடத்தில்தான் இருக்கிறது. இரகுவம்சக் கதையைச் சொல்லும் நாளில், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேவதாருத் துண்டு ஒன்றையும், அவர்கள் சரிபார்த்துத் தந்த பின், மாணவர் கைக்குக் கை மாற்றி முகரச் செய்யலாம்.