அறிவரை விரட்டிய நாடும் அரவணைத்த நாடும்

கண்ணனூர்ச் சமயபுரத்து மாரியம்மனுக்கு அம்மை கண்டு தேறினோர் நேர்த்திக்கடன் செலுத்திவரும் வழக்கம் நெடிது. ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை அது மீண்டும் அண்டுவதில்லை என்பதைத் தமிழ் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அவர்கள் தாயின் அருளெனக் கொண்ட அக்காப்பின் கரணியம், குருதியில் ஊறும் எதிர்ப்பொருள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. புகுந்த நோய்க்கிருமியை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே எதிர்ப்பொருள்.

பெரியம்மை இந்திய மண்ணைவிட்டு அகன்றது 1975-இல். அதே ஆண்டில்தான், எதிர்ப்பொருளைப் புற்றுநோய்க்கு எதிரான படைக்கலமாக்கும் வழி இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் திறந்தது. அவ்வழியைத் திறந்த மில்சுடைனின் வாழ்க்கை தமிழர் ஊன்றிக் கருதத்தக்கது.

செசார் மில்சுடைன் 1927-இல் ஆர்செந்தீனாவில் பிறந்தவர். கேம்பிரிட்சில் ஆய்வு பயின்றபின், பிறந்த மண்ணுக்கே உழைக்க விழைந்து 1961-இல் புவெனசு ஐரிசுக்குத் திரும்பினார். மறு ஆண்டே படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். அவர் பணியாற்றிய ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பழிவாங்கப்பட்டார். அதைப் பொறாத மில்சுடைன் தம் பொறுப்பைத் துறந்து, 1963-இல் மீண்டும் கேம்பிரிட்சுக்கே சென்றார்.

ஆங்கு அவருக்குக் கிடைத்தது பொருட்குவையன்று; இடையூறற்ற பன்னிரண்டு ஆண்டுகள்! எதிர்ப்பொருளைச் சுரக்கும் உயிரணு உடலுக்கு வெளியே விரைவில் மாளும். புற்றுயிரணுவோ மாளாது பெருகும். சுண்டெலியின் அவ்விரு உயிரணுக்களையும் மில்சுடைனும் கோலர் என்னும் செருமானிய இளைஞரும் ஒன்றாய் இணைத்தனர். பிறந்த கலப்புயிரணு, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது சுரந்தது. உயிரைக் குடிக்கும் புற்றின் ஆற்றலே, புற்றை மாய்க்கும் அம்பை வடிக்கும் உலையாயிற்று. 1984-இல் இருவரும் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

அக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. உலகம் அதை விலையின்றி எடுத்துக்கொண்டது. ஆயினும் அதன் வழியில் வந்த மருந்துகள் விலையின்றி வந்தனவா? நிணநீர்ப் புற்றுக்கான இரிட்டுக்சிமாப் 1997-இலும், மார்பகப் புற்றின் ஒரு வகைக்கான திராசுதுசுமாப் 1998-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. வணிகர் வைத்த விலையோ ஏழைக்கு எட்டாததாயிற்று. இரிட்டுக்சிமாபுக்கு நிகரான மருந்தை ஐதராபாத்து நிறுவனமொன்று குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது 2007-இல்தான். அப்பத்தாண்டு இடைவெளியில் விலைகொடுக்க இயலாதார் என்ன ஆகியிருப்பர்?

ஓர் அறிஞரை விரட்டிய ஆர்செந்தீனா, ஓர் ஆளை மட்டும் இழக்கவில்லை. ஒரு மருத்துவ ஊழியின் தொடக்கத்தையே இழந்தது. இது தமிழர்க்கு அயலார் கதையன்று. காவிரிக் கரையில் பிறந்து உயிரியல் பயிலும் இளைஞர்க்கு ஆய்வகமும் காலமும் உரிமையும் வழங்காத நாடு, அவர் அயல்நாட்டில் வடிக்கும் மருந்தை அயலார் குறிக்கும் விலைக்கே வாங்கும். உடனே பயன் கேட்டு நச்சரியாது, பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்கும் ஆய்வுக்கூடங்களைத் தமிழ்மண் எழுப்புதல் வேண்டும். சமயபுரத்தாளை வேண்டி நிற்கும் எளிய தாய்க்கு, அறிவுடையோர் செலுத்தவேண்டிய நேர்த்திக்கடன் அதுவே!