மொய்க் கணக்கு யாரிடம் இருக்க வேண்டும்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பத்தின் நிலவரம் தெரிய பாஸ்புத்தகம் மட்டும் போதாது. மொய் நோட்டையும் பார்க்க வேண்டும். காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், நாம் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்பா வாங்கிய மொய்யை மகன் செய்ய வேண்டும் என்பதால், அந்த நோட்டு பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும்.

இப்போது மண்டப வாசலில் கம்ப்யூட்டர் வைத்து மொய் எழுதுகிறார்கள். ரசீது கொடுக்கிறார்கள், ஊர்வாரியாகப் பட்டியலும் தருகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் விசேஷம் முடிந்த பிறகு அந்தக் கணக்கு யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

வீட்டுச் செலவு எழுத செல்போனில் ஆப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். வால்நட் என்ற ஆப், பேங்க் எஸ்எம்எஸ்களைப் படித்துத் தானே செலவுக் கணக்குப் போட்டது. 2018-ல் அதைக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று வாங்கியது. சட்டப்படி அதில் தவறு இல்லை. ஆனாலும் கணக்கப்பிள்ளையே கடன்காரர் வீட்டு ஆளாகிவிட்டால் எப்படி? அமெரிக்காவில் ஏராளமானோர் நம்பியிருந்த மின்ட் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. அதே கம்பெனியின் வேறொரு ஆப்புக்குப் போகச் சொன்னார்கள். மாறாக, மைக்ரோசாஃப்ட் மனி விற்பனை 2009-ல் நின்றபோது, கணக்கு அவரவர் கம்ப்யூட்டரில் இருந்ததால் பலர் அதன் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். பிரெஞ்சில் காசு வாங்காதது 'கிராத்துயி', கட்டுப்படாதது 'லீப்ர்'. செல்போனில் நாம் இறக்கும் ஆப்களில் பெரும்பாலானவை கிராத்துயி மட்டுமே. 1998 முதல் இருந்துவரும் க்னூகேஷ் இரண்டும்தான். பற்று, வரவு என்று முறையான இரட்டைப் பதிவு. கணக்கு நம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கும். பென்டிரைவில் நகல் எடுக்கலாம்.

சிரமம் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றையும் நாமே பதிய வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் பொறுப்பு நம்முடையது. ஆனால் பதிவேட்டைக் காப்பது நம் தலைமுறைக்குப் புதிதா? ஆபீஸில் பொறுப்பு மாறும்போது எண்ணிப் பார்த்து, கையெழுத்து வாங்கித்தானே ஒப்படைத்தோம்?

நம் வயதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஓடிபி நம் செல்போனுக்கு வந்தால்தான் கணக்கு திறக்கும் என்றால், நமக்குப் பிறகு அந்த நம்பர் நின்றவுடன் பிள்ளைகள் தவிப்பார்கள். யாருக்கு மொய் செய்ய வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே மொய் எழுதுபவரிடம் அச்சிட்ட பட்டியலோடு எக்ஸெல் ஃபைலையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். எந்த ஆப்பையும் போடுவதற்கு முன், அந்தக் கம்பெனி நாளை இல்லாமல் போனாலும் என் கணக்கை நான் திறக்க முடியுமா என்று விசாரியுங்கள். முடியாது என்றால், நாற்பது பக்க நோட்டே மேல்.