ஏலத்தொகை திறனாய்வு ஆகுமா?

ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள் காலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் ஒரே பேச்சுத்தான் காதில் விழும். எவன் எத்தனை கோடிக்குப் போனான் என்பதே அது. தொகையைக் கொண்டே தரத்தை முடிவு செய்யும் பழக்கம் நம் மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. 'கோடி கொடுத்தவன் தெரியாமலா கொடுத்திருப்பான்?' என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஏலத்தொகை ஓர் அணியின் அன்றைய தேவையைச் சொல்லும். அவ்விளைஞனின் நாளைய தகுதியைச் சொல்லாது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து நாங்கள் ஆடிவரும் கற்பனை அணி ஆட்டம் ஒன்றுண்டு. நாள்தோறும் பதினொருவரைப் பொறுக்கிப் பணம் கட்டும் ஆட்டமன்று அது. அத்தகைய பந்தய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்தது. டிரீம்11 போன்ற நிறுவனங்களும் அவற்றை நிறுத்திக்கொண்டன. எங்களுடையது காசில்லாத ஆட்டம். ஆனால் காலம் நீண்டது. ஒருமுறை எடுத்தவனை ஆண்டுக்கணக்கில் நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். புகழ்பெற்றவர்களை யாரேனும் முன்பே எடுத்திருப்பார்கள். எனவே, இன்னும் பெயர் வெளிவராத கல்லூரி இளைஞனைக் கண்டெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அமெரிக்காவில் இவ்வகை ஆட்டம் பெரும் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அங்குள்ள கால்பந்துத் தொழில்முறை அணிகள் கல்லூரிகளிலிருந்தே ஆட்டக்காரர்களைத் தேர்கின்றன. அதனால் ஓடிச்சென்று பந்தைப் பிடிக்கும் ஒரு கல்லூரி மாணவனை எடைபோட, அந்நாட்டு ரசிகர்கள் முதன்மையாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த வயதில் அவன் தன் அணியின் முன்னணி ஆட்டக்காரனானான்? அணி ஈட்டிய மொத்தத்தில் அவனுடைய பங்கு எவ்வளவு? இவ்விரண்டையும் நம் ஊர்க் கிரிக்கெட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

வயதுக் கணக்குக்குச் சாய் சுதர்சன் நல்ல சான்று. 2001இல் பிறந்த அவர், இருபது வயது நிறையுமுன்பே தமிழ்நாடு பிரீமியர் லீகில் கவனம் பெற்றார். 2022இல் குஜராத் அணி கொடுத்தது 20 லட்சம்தான். மறு ஆண்டு நடந்த தமிழ்நாடு லீக் ஏலத்தில் கோவை அணி 21.6 லட்சம் கொடுத்தது. அதாவது, அகில இந்தியச் சந்தையைவிட அவரை உள்ளூர்ச் சந்தை சற்றே கூடுதலாக மதித்தது. அதே 2023இல் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள். 2025இல் 759 ஓட்டங்களுடன் அப்போட்டியின் முதல் மட்டையாளர். அவரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே அவருடைய அருமை முதலில் புரிந்திருக்கிறது.

ஆனால் வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், நம் புறநகரோடு தொடர்புடைய பெரும் சான்று ஒன்று கைநழுவிப் போகும். வருண் சக்கரவர்த்தி எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். பொத்தேரி நிலையத்தை ஒட்டிய அப்பல்கலைக்கழகத்தை நாம் ரயிலில் நாள்தோறும் கடந்து போகிறோம். பதினேழு வயதுவரை விக்கெட் காப்பாளராக ஆடி, வயதுவாரித் தேர்வுகளில் பலமுறை ஒதுக்கப்பட்டு, ஆட்டத்தையே விட்டுவிட்டார். பட்டம் பெற்றுத் தொழில் செய்தார். பிறகு திரும்பி வந்து வேகப்பந்து வீசினார், முழங்காலில் அடிபட்டது. அதன்பின்பே சுழலுக்கு மாறினார். 2018இல் மதுரை அணிக்காகத் தமிழ்நாடு லீகிலும், அடுத்து விஜய் ஹசாரே கோப்பையில் 9 ஆட்டங்களில் 22 விக்கெட்டுகளுமாக வெளிப்பட்டபோது அவருக்கு வயது 27. வயதுக் கணக்குப் பார்க்கும் எவரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

எனவே மூன்றாவதாக ஒரு கேள்வியை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். இவனிடம் உள்ளது பிறரிடம் எளிதில் கிடைக்காத திறனா? மட்டையாளனுக்கு இளமையிலேயே உருவாகும் நுட்பம் பெரிது. விரலுக்குள் மறைபொருளை வைத்திருக்கும் சுழற்பந்து வீச்சாளனுக்கோ முதிர்ச்சியே பலம். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது, வெண்பாவின் தளையை வைத்துக்கொண்டு புதுக்கவிதைக்கு மதிப்பெண் இடுவதைப் போன்றது.

பங்கு பற்றிய கேள்வியும் முக்கியம். தொடக்கத்தில் இறங்குபவனுக்கு ஆட்டம் முழுவதும் காத்திருக்கிறது. கடைசி ஓவர்களில் இறங்குபவனுக்குப் பத்துப் பந்துகள் கிடைத்தால் அதிகம். ஷாருக் கானைப் பஞ்சாப் அணி 2021இல் 5.25 கோடிக்கும் 2022இல் 9 கோடிக்கும் எடுத்தது. தொகை ஏறியதால் அவருக்குக் கிடைக்கும் பந்துகள் கூடிவிடவில்லை. இளைஞனை எடுக்குமுன் அவனுக்கு அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்ப்பது அறிவுடைமை.

இனி, எடுத்தபின் செய்யவேண்டியது. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல் என்றோர் அதிகாரம் இருக்கிறது. ஆராயாமல் ஒருவனை நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவனைப் பின்னர் ஐயப்படுவதையும் வள்ளுவர் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார். ஏலச் சந்தை இவ்விரு பிழைகளையும் அடுத்தடுத்துச் செய்கிறது. வருணின் தொடக்க விலை 20 லட்சம். 2018 டிசம்பரில் பஞ்சாப் கொடுத்தது 8.4 கோடி. ஈடன் கார்டனில் வீசிய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. காயமும் சேர்ந்துகொள்ள, அந்த ஓர் ஆட்டத்தோடு அவருடைய பருவம் முடிந்தது, அணியும் விடுவித்துவிட்டது. 4 கோடிக்கு எடுத்த கொல்கத்தாவுக்கு 2020இல் 17 விக்கெட்டுகள் கிடைத்தன. 2021 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் இல்லை என்றதும் இந்திய அணி அவரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் மறந்தது. கொல்கத்தா மறக்கவில்லை. 2024இல் அவ்வணி கோப்பை வென்றபோது அவர் எடுத்தவை 21 விக்கெட்டுகள். மறு ஆண்டு சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது.

சின்னப்பம்பட்டி நடராஜனின் கதையும் இதுவே. 2017இல் 3 கோடி, மறு ஆண்டே 40 லட்சம். அந்த 40 லட்சக்காரர்தான் 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஆஸ்திரேலிய மண்ணில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆள் மாறவில்லை, விலைச்சீட்டுத்தான் மாறியது.

நிலைக்காதவர்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. களவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பொறியியல் பயின்ற முருகன் அஸ்வினை 2016இல் புனே அணி 4.5 கோடிக்கு எடுத்தது. அதன்பின் பல அணிகளுக்கு மாறி ஆடினார். அத்தொகையை மீண்டும் எட்டவில்லை. ஆயினும் அவரைத் தோல்வி என்று நாம் சொல்லமாட்டோம். பத்து லட்சத் தொடக்க விலையை நாற்பத்தைந்து மடங்காக்கியது சந்தையின் ஆவேசம். அதற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

இதைக் கற்பனை ஆட்டத்தின் உத்தியாக மட்டும் நாம் எழுதவில்லை. வேளச்சேரி, தாம்பரம், கேளம்பாக்கம் மைதானங்களில் கீழ்ப்பிரிவு லீக் ஆடிவிட்டு, தோளில் மட்டைப் பையோடு மூன்றாம் மணிக்கு வகுப்பில் நுழையும் பையன்கள் நம்மிடம் படிக்கிறார்கள். பதினேழு வயதில் தேர்வுக்குழு ஒதுக்கியதும் தங்கள் கதை முடிந்ததென்று பலர் நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர், ஏலத்தில் பெயர் வந்துவிடும் என்று பட்டப்படிப்பைப் பாதியில் விடத் துணிகிறார்கள். இரு சாராருக்கும் வருணின் வாழ்க்கை மறுமொழி சொல்கிறது. ஒதுக்கப்பட்ட பின்னும் ஆட்டம் மீதமிருந்தது. கையில் ஒரு தொழில் இருந்ததால்தான் இருபத்தைந்து வயதுக்குமேல் அதைத் தேடி மீண்டும் வர முடிந்தது. வருகைக் குறைவுக்குக் கட்டணம் வசூலிக்கும் கல்லூரிகள், அம்மாணவனுக்கு மாற்றுத் தேர்வு ஒன்றை வைத்துப் பட்டத்தைக் காப்பாற்றித் தந்தால் அதுவே பெரிய ஆதரவு.

எங்கள் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம். எடுத்த இளைஞனை மூன்று பருவங்களுக்கு விடுவிக்கக் கூடாது. 2025 ஜூனில் லீட்ஸ் டெஸ்டில் சாய் சுதர்சன் தம் முதல் இன்னிங்சில் ஓட்டமின்றி வெளியேறியபோது அவரை விற்றுவிடத் துடித்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள். விதி தடுத்தது. இரண்டாவது இன்னிங்சில் அவர் 30 எடுத்தார். முப்பது பெரிய எண்ணிக்கையன்று. காத்திருக்க அது போதும்.