மாலை போட்டாச்சு, அடுத்தவர் யார்?

டிசம்பர் 11 பிறந்ததும் முண்டாசு வந்துவிடும். வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எங்கும் அதே மீசை, அதே பார்வை, கீழே 1882 என்று ஒரு வருஷம். மதியத்துக்குள் நூறு கும்பிடு சேர்ந்துவிடும். மறுநாள் குரூப் வேறொரு முகத்துக்குப் போய்விடும்.

இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம் என்கிறேன். பாரதிமேல் எனக்கென்ன கோபம்? பாரதியைப் படிக்காமலே இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி இது. அதுதான் என் குற்றச்சாட்டு.

செப்டம்பரைப் பாருங்கள். 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு பாரதி இறந்தார். அதனால் நினைவு நாள் 11ஆ, 12ஆ என்று ஒரு வழக்கு. 2021ல் தமிழக அரசு 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்த பிறகும் குரூப்பில் வழக்கு முடியவில்லை. அவருடைய ஒரு கவிதையை வைத்து அப்படி ஒரு சண்டை நடந்து நான் பார்த்ததே இல்லை. நடந்தால் சந்தோஷப்படுவேன்.

நான் இங்கேயே படித்து இங்கேயே வேலை பார்க்கும் பொறியாளன். கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தால் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சத்தம் அடங்கும், பழுது அப்படியே இருக்கும். நம் பிறந்தநாள் படங்களும் அந்தப் பொத்தான்தான்.

"பேராவது பிள்ளைகளுக்குத் தெரியட்டுமே" என்பார்கள். தெரியட்டும். ஆனால் பத்து வருஷமாகப் பேர் மட்டும் தெரிந்த ஒருவரைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு வேறென்ன தெரிந்திருக்கிறது? கேட்டுப் பாருங்கள்.

தேதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை நமக்கு ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1935 ஜூலை 6ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி. மதமாகவும் சாதியாகவும் பிரிந்து கிடந்த தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்க ஒரு நாள் வேண்டும் என்று தை முதல் நாளை எடுத்து, 1952ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். யாருடைய பிறந்தநாளும் இல்லை. அதைச் சுற்றி மாணவர்களுக்குப் போட்டிகள் நடந்தன. அதே ஐம்பதுகளில் பல்கலைக்கழகத் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று மக்களிடம் நிதி திரட்டினார். அவர் குறித்த தேதி மக்களை வேலை வாங்கியது. நாம் குறிக்கும் தேதி விரலை மட்டும்தான் வேலை வாங்குகிறது. இப்போது அவருக்கும் ஒரு படம் போட்டு முடித்துக்கொள்கிறோம்!

இன்னொரு கோளாறும் உண்டு. படம் போட முகம் வேண்டும். முகம் இல்லாத தேதிகள் நம் நாள்காட்டிக்குள் நுழையவே முடியாது.

நான் இருப்பது புக்கிட் மேராவில். இங்கே 1961 மே 25ல் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பம் எரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அப்போது வீவகவுக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை. எரிந்த நிலத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று நாம் கவிதை எழுதித் தள்ளும் 'நாலு சுவர்' வீட்டுக் கதையின் முக்கியமான அத்தியாயம் அந்தத் தீ. எந்தத் தமிழ்க் குரூப்பிலும் மே 25க்கு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 15 மாலை 6.20க்குத் தீவு முழுக்கச் சங்கு ஒலிக்கும். 1942ல் பிரிட்டிஷ்காரர்கள் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். அதே பிப்ரவரி 15ல்தான், 1915ல், இங்கே பக்கத்து அலெக்சாண்ட்ரா படைமுகாமில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 47 பேரை ஊட்ரம் சிறைக்கு வெளியே ஊரார் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் வட இந்திய முஸ்லிம்கள். தமிழர் இல்லை என்பதால் நமக்குச் சம்பந்தமில்லையா? கப்பலேற்றி இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் கதை நமக்குப் புரியாதா?

ஆகவே என் கோரிக்கை சின்னது. பிறந்தநாள் படம் போடுகிறவர், அந்த வாரம் அவரை எழுதியதில் என்ன படித்தேன், எங்கே ஒத்துப்போகவில்லை என்று நாலு வரி சேர்த்துப் போடட்டும். முடியாவிட்டால் படம் வேண்டாம். குரூப் ஒருநாள் சும்மா இருந்தால் தமிழ் செத்துவிடாது.

வருஷத்துக்கு ஒரு முகமில்லாத தேதியையும் எடுத்துக்கொள்வோம். 1961ல் பத்து வயதுப் பிள்ளையாகத் தீயைப் பார்த்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். சிலர் இன்னும் இந்தப் புளோக்குகளின் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். ஹொக்கியனில் பேசுவார்கள், மலாயில் பேசுவார்கள், நமக்குப் புரிகிற அளவுக்குச் சொல்வார்கள். போய்க் கேட்டுத் தமிழில் எழுதுவதற்கு அதிக வருஷம் மிச்சமில்லை.

டிசம்பர் 11க்குப் படம் எப்படியும் தயாராக இருக்கும். மே 25க்கு எழுத யார் வருகிறீர்கள்?