டீசலில் ஓடும் எலெக்ட்ரிக் கார்

"எலெக்ட்ரிக் கார்னா செலவே இல்லைப்பா"ன்னு ஊர்லேர்ந்து போன் பண்றவங்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது.

கார் நிக்கோபார்ல கரண்ட் எங்கேர்ந்து வருது? பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்லேர்ந்து. அந்த டீசலும் கப்பல்ல வரணும். ஒரு லிட்டருக்குச் சுமார் மூணரை யூனிட் கிடைக்கும். 30 யூனிட் பேட்டரியை ரொப்ப, சார்ஜ் ஆகும்போது வீணாப்போறதையும் சேர்த்தா 34 யூனிட் இழுக்கும். ஆக, கிட்டத்தட்ட 10 லிட்டர் டீசல். வண்டி ஓடுறது 200 கி.மீ. அதே 10 லிட்டர்ல சாதாரண டீசல் காரே அவ்ளோ தூரம் போகுமே!

அப்புறம் பில்லு ஏன் கம்மி? மானியம் சாமி, மானியம்! மிச்சத்தைக் கட்டுறது அரசாங்கம், அதாவது நீங்களும் நானும்.

பில்லுக் கணக்கையாவது ஒழுங்காப் போடுறாங்களா? யூனிட் விலை படிப்படியா ஏறும். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் தின்னது போக, கார் குடிக்கிறது மேல்படி யூனிட். அதைப் போய் சராசரி விலையால பெருக்கினா? சென்னையில ரெண்டு மாசத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டும் வீட்டுக்கே பத்தாது, காருக்கு எங்கே மிஞ்சும்?

மொட்டைமாடியில சோலார் போட்டு, பட்டப்பகல்ல சார்ஜ் பண்றவர் வந்து பேசட்டும், கேட்டுக்கறேன். 127 சதுர கி.மீ. தீவுல தினமும் எங்கே ஓட்டப் போறார்னும் சேர்த்துச் சொல்லட்டும்.