எறியப்பட்ட புத்தகம்

சமயப் பற்றுள்ள ஒருவர் கதை எழுதினால் அதில் நல்லவர்கள் வெல்வார்கள், தீயவர்கள் திருந்துவார்கள், முடிவில் ஒரு போதனை இருக்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் பிளனரி ஓ'கொனர் (1925–1964).

புரட்டஸ்தாந்தினர் பெரும்பான்மையாக வாழும் ஜோர்ஜியா மாநிலத்தில் அவர் ஒரு கத்தோலிக்கர். தந்தையைப் பலிகொண்ட லூபஸ் நோய் 25 வயதில் அவரையும் பற்றிக்கொண்டது. தாயாருடன் பண்ணை வீட்டில் வாழ்ந்து, ஊன்றுகோல்களுடன் நடமாடி, காலை வேளைகளில் எழுதினார். 39 வயதில் காலமானார்.

அதே ஆண்டில் வெளிவந்த 'ரெவலேஷன்' என்ற சிறுகதை வைத்தியரைக் காணக் காத்திருப்போர் அறையில் தொடங்குகிறது. திருமதி டேர்பின் கடவுள் பக்தி உள்ளவர், பிறருக்கு உதவுபவர். ஆனால் அங்கிருப்பவர்களின் பாதணியையும் நிறத்தையும் வசதியையும் பார்த்து மனதுக்குள் தரம் பிரிக்கிறார். தன்னை இப்படிப் படைத்ததற்காக இயேசுவுக்கு நன்றியும் சொல்கிறார். அப்போது ஒரு மாணவி புத்தகமொன்றை அவர் முகத்தில் எறிந்து, அவரைப் பன்றி என ஏசுகிறாள்.

அன்று மாலை பன்றித் தொழுவத்தருகே நின்று கடவுளோடு வாதாடும் அவருக்கு ஒரு காட்சி தெரிகிறது. விண்ணை நோக்கிச் செல்லும் ஊர்வலத்தில் அவர் இழிவாக நினைத்தவர்கள் முன்னே போகிறார்கள். அவரைப் போன்ற மரியாதைக்குரியவர்கள் கடைசியில்.

பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபித்த உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. ஆனால் கதையில் பிரசங்கம் இல்லை. இறையருள் ஆறுதலாக அல்ல, அடியாக வருகிறது. ஓ'கொனரும் குறையற்றவர் அல்லர். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் அவரது கடிதங்களில் உண்டு. கதைக்குள் அவரது விசுவாசம் அவரையும் சேர்த்தே விசாரித்தது என்று நினைக்கிறேன்.

என்னையும் அது விட்டுவைக்கவில்லை. எனது பழைய களக்குறிப்புகளைப் புரட்டினேன். உதவி கோரிய தாய் ஒருவரைப் "பொறுப்பற்றவர்" என எழுதி, பட்டியலில் பின்தள்ளியிருந்தேன். கூட்டங்களுக்கு எப்போதும் பிந்தி வருவார் என்பதே காரணம். ஏன் என்று கேட்கவில்லை. பிறகு வீடு தேடிச் சென்று கேட்டேன். விடியுமுன் மீன்வாடியில் வேலை, பின்னர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது, அதன் பிறகே கூட்டம்.

வர்க்க பேதத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். என் பேனாவிலிருந்த பேதத்தை ஒரு கதைதான் காட்டியது. அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன், பட்டியலையும் திருத்தினேன். உங்கள் மனதிலும் அப்படியொரு பட்டியல் இருக்கிறதா, சகோதரிகளே?