இரப்பு அன்று, உரிமை!

ஊரில் நூலகம் ஒன்றை வளர்க்க முற்படும் நம் இளைஞர் பலரிடம் ஒரு தயக்கத்தைக் காண்கின்றோம். திருவிழாவிற்கும் தேர்தலுக்கும் வீடுதோறும் சென்று பணம் தண்டக் கூசாதவர்கள், நூல் வாங்கப் பொருள் கேட்கும்போது மட்டும் நாணித் தலைகுனிகின்றனர். அரசுக்கு மடல் எழுதினாலோ, தாழ்மை என்று தொடங்கிப் பணிவு என்று முடித்து, இடையில் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்து விடுகின்றனர். நாணமும் கூழைக்கும்பிடும் ஒரே நோயின் இரு முகங்கள். நூலகம் என்பது பிறர் நமக்கு இடும் சோறு என்னும் எண்ணமே அந்நோய்.

யாழ்ப்பாணத்து மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. க. மு. செல்லப்பா என்னும் பெருந்தகை 1933-ஆம் ஆண்டில் தம் வீட்டில் சில நூல்களை அடுக்கி வைத்துத் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டே ஊரார் கூடி அமைத்த குழுவின் கைக்கு வந்தது. பின்னர் நகர மன்றம் அதனை ஏற்றுக் கொண்டது. பெரிய கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, எவரேனும் வந்து கட்டித் தருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வீடுவீடாகக் கேட்டனர், களியாட்ட விழா நடத்திப் பணம் திரட்டினர். அயர்லாந்திலிருந்து வந்து அங்குக் கல்விப்பணி ஆற்றிய இலாங் அடிகளார் அப்பணிக்குத் தோள் கொடுத்தார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனார் வரைபடம் தந்தார். நூலகவியல் மேதை சீர்காழி அரங்கநாதனார் அறிவுரை தந்தார். 1959-இல் அக்கட்டடம் திறக்கப்பெற்றது.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்செய்தி கேட்டுத் தமிழுலகம் துடித்ததற்குக் கரணியம், எரிந்தவை நூல்கள் என்பது மட்டுமன்று. அவை ஓர் இனம் காசு காசாகச் சேர்த்த நூல்கள். கட்டடம் மீண்டும் எழுந்து இன்று நிற்கின்றது. கேட்டும் கொடுத்தும் நூலகம் கண்ட அந்த ஊரின் உள்ளமோ என்றுமே எரியவில்லை.

ஊரார் கைப்பொருளுக்கு இவ்வாறாயின், பெருஞ்செல்வர் கொடையைப் பெறுவதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க நாட்டு எஃகு வணிகர் கார்னெகியின் கொடையால் 1883 முதல் 1929 வரை உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. அவற்றுள் 1,689 அமெரிக்க நாட்டிலேயே அமைந்தன. கேட்ட ஊருக்கெல்லாம் அவர் அள்ளி வீசிவிடவில்லை. ஊரின் மக்கள்தொகை என்ன, இப்போது நூலகம் உண்டா, இருப்பின் எங்கு நடக்கின்றது என்றெல்லாம் வினாத்தாள் சென்றது. நிலத்தை ஊரே தரல் வேண்டும். கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகச் செலவிற்கு ஊர்மன்றம் ஒதுக்குவதாக உறுதி கூறல் வேண்டும். பத்தாயிரம் தாலர் பெறும் ஊர், ஆண்டிற்கு ஆயிரம் தாலர் தன் வரிப்பணத்திலிருந்து செலவிட வேண்டும். இதற்கு உடன்படாமல் கொடையை விட்ட ஊர்களும் உண்டு. கட்டடம் நூலகம் ஆகாது, ஆண்டுதோறும் நூலும் ஆளும் விளக்கும் தரும் ஏற்பாடே நூலகம் என்பதுதான் இதனால் பெறப்படும் பாடம்.

அங்கே வள்ளல் விதித்த கடப்பாட்டை இங்கே சட்டமே விதித்திருக்கின்றது. அரங்கநாதனாரின் பெருமுயற்சியாலும் அன்றைய கல்வியமைச்சர் அவினாசிலிங்கனாரின் துணிவாலும் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூலகத்திற்கென ஒரு வரியை அது வகுத்தது. இன்று தமிழ்நாட்டில் வீட்டுவரி உருபா ஒன்றிற்குப் பத்துக் காசு நூலக வரியாகத் தண்டப்படுகின்றது. சொந்த வீடு இல்லாதவன் கொடுக்கும் குடிக்கூலியிலும் அக்காசு மறைந்திருக்கின்றது. ஆகவே, கூரை ஒழுகும் கிளை நூலகத்தின் வாயிலில் நிற்கும் ஏழை மாணவனும் அந்நூலகத்திற்குப் பொருள் தந்தவனே! தண்டிய வரியை உள்ளாட்சி மன்றங்கள் உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தாமல் நிலுவை வைக்கும் நெடுநாட் குறையைத் தட்டிக்கேட்க அவனுக்கு முழு உரிமையுண்டு.

எனவே, நல்கை கேட்டு எழுதும் அன்பர்களுக்குச் சில சொல்வோம். முதற்கண், மானியம் என்னும் அயற்சொல்லை விடுத்து நல்கை என்றே எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். புகழ்மாலை வேண்டா, ஒரு பக்கம் போதும். நாள்தோறும் எத்தனை பேர் வருகின்றனர், எத்தனை பேர் இருக்கையின்றித் திரும்புகின்றனர் என்று ஒரு திங்கள் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். ‘உதவுக’ என்னாது, இத்தனை நிலைப்பேழை, இத்தனை நாற்காலி, இன்ன விலை என்று வரையறுத்துக் கேளுங்கள். உங்கள் ஊர் தன் பங்காக ஏற்கனவே தந்தது எது என்பதைத் தவறாது காட்டுங்கள். தனக்குத்தான் உதவாத ஊருக்குப் பிறர் உதவார். அடுத்த ஆண்டுச் செலவை யார் ஏற்பர் என்பதையும் சொல்லுங்கள். பொருள் வந்தபின், கேளாமலே கணக்கைக் காட்டுங்கள். கணக்குக் காட்டியவனுக்கே இரண்டாம் முறை கதவு திறக்கும்.

கேட்குமுன் கொடுங்கள் என்பதும் எம் வேண்டுகை. ஆயிரம் உருபா செலுத்தி ஊர் நூலகத்தின் புரவலராகும் வாய்ப்பு நம் பொது நூலகங்களில் உண்டு. ஒரு திருமணப் பந்தலின் ஒளிவிளக்குச் செலவிற்கும் ஈடாகாத தொகை அது! மேடையில் தமிழ் வாழ்க என முழங்கும் நம்முள் எத்தனை பேர் அப்பட்டியலில் இருக்கின்றோம்? தமிழ் வாழ்வது முழக்கத்தில் அன்று. படிப்பவன் கையில் விரியும் நூலில்.

வாழ்த்தொலி காற்றோடு போகும். வாங்கிய நூல் பேரனுக்கும் பயன்படும். நாணத்தை விடுங்கள், கூனலை நிமிர்த்துங்கள், தாளை எடுத்து எழுதுங்கள். நாம் கேட்பது இரப்பு அன்று, உரிமை!